ஒப்பந்த ஆவணத்தில் ஒரு வரி சேருங்கள்

பொதுப்பணிகளுக்கு ஒப்பந்த ஆவணம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பழைய கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கும் ஆலை ஒன்றை நடத்துகிறேன். சென்ற வாரம் அரசுக் கட்டுமானத் தளம் ஒன்றிலிருந்து எங்கள் லாரி லோடு இறக்காமலே திரும்பி வந்தது. கம்பி கட்டாத, சாதாரணத் தளக் கான்கிரீட்டுக்கான ஜல்லி அது. ஓட்டுநர் நீட்டிய ஆய்வக அறிக்கையைத் தள அதிகாரி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இந்த ஜல்லி தண்ணீர் குடிக்கும், எடுத்துப் போ" என்றாராம்.

குடிக்கும்தான். கல்லோடு ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட் காரையின் நுண்துளைகள் நீரை இழுக்கும். உலர்ந்த ஜல்லியை அப்படியே கொட்டினால் கலவை கெட்டியாகும், வேலையாள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார், வலிமை போய்விடும். இதையெல்லாம் அறிந்துதான் கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383, 2016-இலேயே வழி சொல்லிவிட்டது: நீர் உறிஞ்சும் அளவு 10 சதவீதம் வரை இருக்கலாம், கலக்குமுன் நனைத்து ஊறவைக்க வேண்டும். ஒரு தண்ணீர்க் குழாயும் கொஞ்சம் பொறுமையும் போதும். மொத்த ஜல்லியில் மறுசுழற்சி ஜல்லி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதம், எம்25 என்னும் வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் என்று உச்ச அளவும் அதிலேயே இருக்கிறது. செங்கல் கலந்த இடிபாட்டை அங்கே போடுங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

அந்த அதிகாரி மீது எனக்குக் கோபமில்லை. ஆவணத்தில் "கருங்கல் ஜல்லி" என்று மட்டும் எழுதியிருக்கும்போது, நாளை தணிக்கையில் மாட்டிக்கொள்ள யார்தான் விரும்புவார்? ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: "ஐ.எஸ். 383 அனுமதிக்கும் அளவுக்கு மறுசுழற்சி ஜல்லி ஏற்கப்படும்" என்று ஒரு வரி சேருங்கள்.

அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்த சிமென்டில் தயங்காமல் கட்டுகிறீர்கள். அதுவும் கழிவாக வந்ததுதான். மூட்டையில் அடைத்து வருவதால் மரியாதை கிடைத்துவிட்டது போலும். இதே இடிபாட்டை இரவோடு இரவாக ஏரியில் கொட்டுகிறவரிடம் எவரும் ஆய்வக அறிக்கை கேட்பதில்லை. ஏரிக்கு எந்த ஜல்லியும் பொருந்தும் என்பது எந்தத் தரநிலையில் இருக்கிறதோ! அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் இடிபாட்டிலிருந்து செய்த பொருள்களை வாங்குவது பற்றி 2016-ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே பேசின. பேசியதோடு சரி.

கடுமை தெரிந்தால் பொறுத்தருள்க. எங்களுக்குச் சலுகை வேண்டாம். ஒவ்வொரு லோடையும் சோதியுங்கள், தேறாததைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளியாகுமுன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜல்லி ஆலை நடத்தும் ஒருவன்