மண்ணில் கல் ஏன் இருக்கிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த வசந்தம் தொடங்கியதிலிருந்து ஒரு படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் வாங்கிய தோட்ட மண்ணை அரித்து, தேறிய கற்களை ஒரு தட்டில் குவித்து, "கல்லையும் கலந்து காசாக்குகிறார்கள்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். படம் எடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, தேடவும் போவதில்லை. ஆனால் பல வருடமாக எங்களிடமே கத்தரிக் கன்றும் மிளகாய்க் கன்றும் வாங்கி நட்ட ஆட்கள்கூட, காரை விட்டு இறங்கும்போதே "கல்லில்லாத மண் இருக்கிறதா" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விலை கூட என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம். கலப்படம் என்று சொன்னால் சும்மா இருக்க முடியாது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மண், ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் ஸ்டோவில் (Stouffville) என்ற ஊருக்குப் பக்கத்து வயல்களின் மேல்மண். வீடு கட்டுவதற்கு ஒதுக்கிய நிலத்தில் முதலில் வழித்தெடுக்கிற மண்ணைத்தான் வாங்கி, அரை அங்குலச் சல்லடையில் அரித்துத் தருகிறோம். பனிக்கட்டி உருகி உருவான ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்ற நீண்ட மணல் மேட்டையே வெட்டுகிறோமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. அந்த மேட்டுக்கு 2001 இலிருந்து ஒன்ராறியோவில் தனிச் சட்டமே இருக்கிறது, நாங்கள் அதன் பக்கம் போவதில்லை. ஆனால் எங்கள் மண் பிறந்த கதை அந்த மேட்டோடு ஒட்டியதுதான்.

மார்க்கம் நகரிலிருந்து வடக்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஓர் இடத்துக்குப் பிறகு தரை ஏறி ஏறி மேடும் பள்ளமுமாக மாறும். நயாகரா மலைச்சரிவிலிருந்து கிழக்கே ட்ரென்ட் ஆறு வரை ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு அந்த மேடு நீண்டு கிடக்கிறது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டை மூடியிருந்த பனிப்படலம் இரண்டு நாக்குகளாகப் பிரிந்து, ஒன்று சிம்கோ ஏரிப் பக்கமும் மற்றது ஒன்ராறியோ ஏரிப் பக்கமும் ஒதுங்கியபோது, நடுவில் உருகி ஓடிய தண்ணீர் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும்தான் அந்த மேட்டின் பெரும்பகுதி. ஹம்பர், டொன், ரூஜ் ஆறுகளின் தலைநீர் அங்கேதான் இருக்கிறது. மேட்டில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, சரிவுகளில் ஊற்றாக வெளியே வருகிறது.

மேட்டின் இரண்டு பக்கச் சரிவுகளில் கதை வேறு. அங்கே பனி தான் சுமந்து வந்ததைத் தண்ணீர் தரம் பிரிப்பதற்கு முன் அப்படியே இறக்கிவிட்டது. மணல், வண்டல், களி, கூழாங்கல், பாறைத் துண்டு எல்லாம் ஒரே கலவை. அந்தக் கலவையின் மேல் காடு வளர்ந்து, இலை உதிர்ந்து மக்கி ஆயிரக்கணக்கான வருடங்களில் உருவானதுதான் நாங்கள் விற்கும் இருவாட்டி மண், அதாவது மணல், வண்டல், களி மூன்றும் அளவோடு கலந்த மண். கல் இதில் யாரும் போட்டது இல்லை. மண் பிறந்ததே கல்லோடுதான்.

நம்பிக்கை வராவிட்டால் அந்தத் தட்டிலிருந்த கற்களையே எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, உப்புக்கல் மாதிரிப் பொடிமணிகள் தெரிவது கருங்கல். அந்தப் பாறை ரொறன்ரோ பக்கம் தரைக்கு மேல் எங்கேயும் கிடையாது, வடக்கே மஸ்கோகா பக்கம்தான் வெளியே தெரியும். பனி இழுத்து வந்த கல் அது. பக்கத்தில் தட்டையாகச் சாம்பல் நிறத்தில் இருப்பது சுண்ணக்கல், சிம்கோ ஏரிப் பக்கத்துச் சரக்கு. அதைச் சுத்தியலால் தட்டித் தூளாக்கி வினாகிரி விட்டால் நுரைக்கும். சில கற்களின் ஒரு முகத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் இருக்கும், பனிக்கடியில் பாறையோடு பாறை உரசிய தடயம். கல் கலக்க நினைக்கிற ஒருவர் இப்படி வேறு வேறு வகைக் கல்லைத் தேடிப்பிடித்துக் கலக்க மாட்டார். சரளை வேண்டுமென்றால் ஒரே நிறத்தில் லொறிக்கணக்கில் கிடைக்கும்.

ஒவ்வொரு வருடமும் புதுக்கல் முளைப்பது ஏன் என்றும் கேட்கிறீர்கள். மாரிகாலத்தில் கல்லுக்கடியில் தண்ணீர் உறைந்து அதை மேலே தூக்கும், உருகும்போது சுற்றியுள்ள மண் அந்த இடைவெளியில் விழுந்துவிடும், கல் பழைய இடத்துக்கு இறங்காது. வடக்கே வயல் ஓரங்களில் பார்க்கிற கற்குவியல்கள் எல்லாம் அங்கத்தைய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் போட்டவை. அவர்களுக்கே முடியவில்லை.

சரி, இன்னொரு குறைக்கு வருகிறோம். "நன்றாக வடியும் மண் என்று சொல்லித் தந்தீர்கள், என் பின்வளவில் தண்ணீர் நிற்கிறது." இது பொய்க்குறை இல்லை, நிற்பதை நாங்களும் போய்ப் பார்த்திருக்கிறோம். ஆனால் வடிவது என்பது பையில் அடைத்துத் தரக்கூடிய குணம் இல்லை, அது மண் கிடக்கும் இடத்தையும் பொறுத்தது. எங்கள் மண் எடுத்த வயலில் மேலே ஒரு சாண் கரும்பழுப்பு, அதற்குக் கீழே வெளிர்பழுப்பு, பிறகு களி கொஞ்சம் இறங்கித் தங்கிய செம்பழுப்பு, அதற்கும் கீழே சுண்ணம் கலந்த சாம்பல் கலவை. மேலே இருக்கும் பழுப்பு அடுக்குகளில் புள்ளி புள்ளியாகத் துருநிறமோ நீலச்சாம்பலோ இல்லாவிட்டால் அங்கே தண்ணீர் தேங்குவதில்லை என்று அர்த்தம். தேங்கினால் காற்றுப் போகாமல் இரும்பு நிறம் மாறி, அந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

1955 இல் வெளிவந்த யோர்க் மாவட்ட மண் ஆய்வு இந்த வேறுபாட்டை அப்போதே பெயர் சொல்லிப் பிரித்திருக்கிறது. நன்றாக வடிவதற்கு வோபேர்ண் இருவாட்டி, அரைகுறையாக வடிவதற்கு மில்லிக்கன் இருவாட்டி. உங்களில் பாதிப்பேர் இருக்கிற இடங்களின் பெயர்கள்தான் இவை. பிறந்த கலவை ஒன்றுதான், ஒன்று சரிவில் கிடக்கிறது, மற்றது தண்ணீர் மெதுவாக ஓடும் சமதரையில் கிடக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி உங்கள் பின்வளவைப் பாருங்கள். புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்துவிட்டு, மாதக்கணக்கில் கனரக வண்டிகள் ஓடி, அடிமண் இறுகிப்போயிருக்கும். அதன் மேல் ஆறு அங்குலம் எங்கள் மண்ணைப் பரப்பினால், மழைத்தண்ணீர் அந்த ஆறு அங்குலத்தை விறுவிறென்று கடந்துபோய் இறுகிய தரையில் முட்டி நிற்கும். மண் தன் வேலையைச் செய்துவிட்டது, அடித்தரைதான் வழிவிடவில்லை.

பரப்புவதற்கு முன்பு ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் இறங்கினால் யோசிக்க வேண்டாம், நடலாம். அசையாமல் நின்றால் முதலில் தோட்ட முட்கரண்டியால் (garden fork) அடிமண்ணைக் கிளறி, கூட்டெரு கலந்துவிட்டுப் பிறகு எங்கள் மண்ணைப் போடுங்கள். தயவுசெய்து களியில் மணலைக் கலக்காதீர்கள், இன்னும் இறுகும். சாடிக்கும் இந்த மண் வேண்டாம். சாடியின் அடியில் தண்ணீர் தங்கி வேர் அழுகும், அதற்குக் கலவை வேறாக வைத்திருக்கிறோம். கறிவேப்பிலை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். இந்த மண்ணில் சுண்ணம் இருப்பதால் அந்தக் கன்றுக்கு இரும்புச்சத்து எடுபடாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் போகும். இதைக் கடையில் கேட்கிற எல்லோருக்கும் சொல்லித்தான் தருகிறோம்.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். நன்றாக வடியும் மண் வசந்தத்தில் சீக்கிரம் சூடாகும், ஈரம் தங்கும் மண் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையோடு வெண்டியும் பயிற்றையும் புடலும் நடுகிற நமக்கு அந்தச் சூடு பெரிய விஷயம். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் கை வைத்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் தேங்காத மண்ணின் அருமை தெரியும். அது சுண்ணப்பாறைக்கு மேல் கிடக்கும் மண், இது பனி விட்டுப்போன மண், பிறப்பு வேறு. ஆனால் வெங்காயமும் மிளகாயும் விரும்புகிற குணம் இரண்டிலும் உண்டு. இருவாட்டியில் மணலும் வண்டலும் ஏறக்குறைய சமமாகவும் களி அதில் பாதியளவாகவும் இருப்பதால், ஈரமாக ஒரு பிடி பிடித்தால் புட்டுமா பதத்தில் கையில் உருண்டு நிற்கும், விரலால் தொட்டால் உதிரும். வடிகிற மண்ணில் பசளையும் தண்ணீரோடு இறங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம், ஆடி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள்.

அப்புறம், எங்கள் லொறி ஓட்டுநர் விலகிவிட்டதால் இனி வீட்டு விநியோகம் வியாழனும் சனியும் மட்டும், ஒரு கன யார்டு மண்ணுக்கு 6 டொலர் கூடுகிறது.

அந்தப் படம் சுற்றிய பிறகும் எதுவும் கேட்காமல் வந்து மண் ஏற்றிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். குழுவிலேயே எங்களுக்காக எழுதியவர்கள் இருக்கிறார்கள். போன வருடக் காயை ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போன அம்மா ஒருவரும் இருக்கிறார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தக் கடை நிற்பது உங்களால்தான்.

கல்லே வேண்டாம் என்பவர்களுக்காகக் கால் அங்குலச் சல்லடையில் அரித்த மண்ணும் இந்த மாதத்திலிருந்து தனியாக வைக்கிறோம், விலை அதற்கேற்பக் கூடும். தண்ணீர் நிற்கிற வளவு உள்ளவர்கள், ஒரு அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி அடிமண்ணை பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளியில் முகவரி எழுதாமல் உங்கள் பெயரை மட்டும் எழுதிக் கொண்டு வாருங்கள். உடைத்துப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்கிறோம், அதற்குக் காசு இல்லை. திங்களன்று கடை பூட்டு, மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குத் திறப்போம்.

அன்புடன்,
உங்கள் கன்றுக் கடைக்காரர்