கோபுரப் பொம்மை

அன்பு மகளுக்கு,

பசியாறினாயா? மெல்பர்னில் குளிர் ஆரம்பித்திருக்கும்.

நம் பினாங்கு குவீன் தெரு மாரியம்மன் கோபுரத்தில் கண்ணை எங்கே நிறுத்துவதென்றே தெரியவில்லை, ஒரே நெரிசல் என்று போனில் சொன்னாயே, அது இன்னும் உறுத்துகிறது. கட்டடக்கலை படித்தவள், வெள்ளைச் சுவர் பழகிவிட்டது. சரி. ஆனால் அது 1833ஆம் ஆண்டுக் கோயிலம்மா. வேலைக்கு ஓடுகிறவனுக்குச் செருப்பைக் கழற்றி உள்ளே போக நேரமேது? தெருவில் நின்று அண்ணாந்து, நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போவான். ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்றது அவனுக்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒருவனுக்கு முருகன், ஒருத்திக்குக் காளி. அவரவர் சாமி மேலே தெரிய வேண்டாமா? நெரிசல் வராமல் என்ன செய்யும்!

நெரிசல் நமக்கு மட்டும் சொந்தமா என்ன? இங்கே கூ வம்சத்துச் சீனர்களின் குலக்கோயிலான கூ கொங்சியைப் பார். உடைந்த வண்ணப் பீங்கான் கிண்ணத் துண்டுகளை ஒட்டி ஒட்டியே கூரையில் டிராகனும் பூவும் செய்திருக்கிறார்கள். முன்பு கட்டியிருந்தது 1901இல் எரிந்துபோனது. அரண்மனை மாதிரி இருந்ததால் தெய்வத்துக்கே பொறுக்கவில்லை என்று பேச்சு. பிறகு அடக்கமாகக் கட்டி 1906இல் முடித்தார்கள். அந்த அடக்கத்தைத்தான் நீ பள்ளிச் சுற்றுலாவில் வாயைப் பிளந்து பார்த்தாய்.

அப்புறம், நீ இல்லாவிட்டால் ஆபீஸே ஓடாது என்றாயே, பாட்டி இருந்திருந்தால் ‘கோபுரம் தாங்குற பொம்மை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். என்னையும் அப்படித்தான் சொல்வாள். பொம்மை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதுபோல நிற்கும். பாரமெல்லாம் உள்ளே செங்கல் மேல்.

போன திருப்பணியின்போது சாரத்தில் ஏறி அந்தப் பொம்மை ஒன்றைப் பக்கத்தில் பார்த்தேன். பழைய காலத்தில் சுண்ணாம்பு, மணலோடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பிசைவார்களாம், இப்போது சிமெண்டுதான். கீழே இருந்து யார் கண்ணுக்கும் தெரியாத கழுத்து நரம்பைக்கூட, வண்ணம் தீட்டுகிறவர் மெல்லிய தூரிகையால் இழுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “சும்மா நிக்கிறான்னு யாரும் சொல்லக் கூடாதில்ல” என்றார்.

பாட்டியிடம் இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. டிசம்பரில் வந்தால் உனக்குக் காட்டுகிறேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா. அம்மா சம்பல் செய்து வைப்பாளாம்.

அப்பா
பினாங்கு