கோணத்தைப் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கரண்ட் போனால் 'உற்பத்தி போதவில்லை' என்கிறோம். 31 வருடம் துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன் நான். எல்லா நேரமும் அது காரணமில்லை. கிரிட்டை, அதாவது ஊர்களை இணைக்கும் மின் வலையை, கண்காணிக்கப் புதுக் கருவிகள் வாங்குகிறார்கள். அவை காட்டுவது ஷிப்ட் ஆபரேட்டருக்கும் வந்து சேர வேண்டும் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

2012 ஜூலை 30 அதிகாலை வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. இரண்டு நாளும் ஆரம்பித்து வைத்தது 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் லைன். லைனில் ஷார்ட் எதுவும் இல்லை. பழுது கண்டால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவியான ரிலே, அதிகச் சுமையையே பழுது என்று எடுத்துக்கொண்டு அதைப் பிரித்துவிட்டது. தெற்கு கிரிட் மற்றவற்றோடு டி.சி. (நேர்மின்) இணைப்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்ததால், அங்கே விழுந்தது இங்கே தொற்றாமல் நாம் பிழைத்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் அந்தத் தனிக்குடித்தனத்தை முடித்துவைத்தது. இப்போது கயத்தாறிலும் காஷ்மீரிலும் ஒரே அதிர்வெண்தான், அதாவது மின் அலை நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு; 50 இருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் அது 48-ஐ ஒட்டித் தள்ளாடும். மணிக்கொரு முறை லாக் ஷீட்டில் எழுதுவோம். இன்று பி.எம்.யூ. என்ற கருவி, ஜி.பி.எஸ். நேரத்தோடு, நொடிக்கு 25 முறை மின்னழுத்தத்தின் கோணத்தை, அதாவது அந்த நொடியில் அலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, அனுப்புகிறது. பழைய கண்காணிப்பு முறையான ஸ்காடாவுக்குச் சில நொடிகளுக்கு ஒரு தடவைதான் தகவல் வரும். இரண்டு ஊர்களின் கோணம் விலகிக்கொண்டே போனால் நடுவில் லைன் திணறுகிறது என்று அர்த்தம்.

சரி, பார்த்தாச்சு. அப்புறம்? நெல்லையப்பர் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர். அவருக்குச் சத்தம் கேட்காவிட்டால் மேலே நிற்பவர் பார்த்து என்ன பயன்? கிரிட்டில் அந்தக் கட்டைக்காரர் ஷிப்ட் ஆபரேட்டர்தான்.

2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, பிரதமர் கேட்டபடி நாடே விளக்கணைத்தபோது சுமார் 31,000 மெகாவாட் சடாரென்று குறைந்தது. நீர்மின் நிலையங்களைக் குறைத்தும் ஏற்றியும் அதிர்வெண்ணை 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் பிடித்து வைத்தார்கள். அருமையான வேலை. ஆனால் மணி ஒன்பது என்று முன்பே தெரியும். எங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று அப்படிச் சொல்லிக்கொண்டு நிற்காது.

ஒரு ஆடி இரவு என் பேனலில் இரண்டு 230 கிலோவோல்ட் லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆயின, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டன. 'நான்தான் துண்டித்தேன்' என்று அடையாளக் கொடி விழுந்த ரிலேக்களைக் குறித்துக் கொடுத்தேன். காலையில் வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். என்ன நடந்தது என்று நான் ஓய்வுபெறும் வரை யாரும் சொல்லவில்லை.

கருவி வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை ஷிப்ட் ஆபரேட்டர் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு டிரிப்புக்குப் பிறகும் பி.எம்.யூ. பதிந்த வளைகோட்டை, தமிழில் நாலு வரி விளக்கத்தோடு, அந்த நிலையத்துக்கே அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற ஆபரேட்டர்,
கயத்தாறு