பள்ளிக்கு ஒரு சமையல் மன்றம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் நடக்கும் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த வரிசையில் சமையல் மன்றமும் சேர வேண்டும். பேரையூர் வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தபோது ஆறு ஆண்டுகள் அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தொடங்கக் காரணம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒரு துக்க வீட்டுக்காகக் கோவில்பட்டி போன அம்மா மூன்று நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. அந்த மூன்று ராத்திரியும் அவனும் தங்கையும் கடைப் பரோட்டாவைத் தின்று, காசு தீர்ந்ததும் பிஸ்கட்டைத் தின்று படுத்திருக்கிறார்கள். வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, கேஸ் அடுப்பும் இருந்தது. "உலை வைக்கத் தெரியாது டீச்சர்" என்றான். ஒளிச்சேர்க்கையைப் படம் போட்டு விளக்கத் தெரிந்த பிள்ளை அவன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எடுத்துக்கொண்டோம். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 15 பேர், பையன்களும் பெண்பிள்ளைகளுமாக. முதல் இரண்டு மாதம் அடுப்பே பற்றவைக்கவில்லை. கை கழுவுவது, விரலை மடக்கி வைத்துக் காய் நறுக்குவது, பாசிப்பயறை ஊறவைத்து ஈரத்துணியில் முளைகட்டுவது, அவலை மோரில் ஊறப்போடுவது, இவ்வளவுதான். அதன் பிறகு அடுப்பு. அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலி என்ற சிறுதானியத்தைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. மூன்று சட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு டம்ளர் ஊற்றியது விறைத்து நின்றது, மூன்று டம்ளர் குழைந்துபோனது, இரண்டரை டம்ளர் பதமாக வந்தது. பின்னக் கணக்கு என்றாலே முகத்தைத் தொங்கப்போடும் பெண், 15 பேருக்கு எத்தனை டம்ளர் என்று விரல் விட்டுச் சொன்னாள். வியாழக்கிழமை மாலை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான பாலிலும், இன்னொன்றில் கொதிக்கக் கொதிக்க இருந்த பாலிலும் உறை ஊற்றி வைத்தோம். மறுநாள் வெதுவெதுப்பான பால்தான் தயிராகியிருந்தது. அதற்குப் பிறகு நுண்ணுயிரிப் பாடத்தை நான் விளக்கவே தேவைப்படவில்லை.

முருங்கைக்கீரையைக் கிண்டி இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவது ஏன் என்று அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மாத்திரை கொடுப்பது நல்லதுதான். கொல்லையில் நிற்கும் மரத்தின் அருமையும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

எதிர்ப்பு வராமல் இல்லை. "ஆம்பளப் பிள்ளைய கரண்டி பிடிக்கவா டீச்சர் பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒரு தாய் கேட்டார். மதுரையில் பரோட்டா போடுவதும் கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு ஆக்கி இறக்குவதும் பெரும்பாலும் ஆண்கள்தானே அம்மா என்றேன். கூலி கிடைத்தால் கௌரவம், வீட்டுக்குச் செய்தால் கேவலம் என்ற எண்ணத்தைப் பத்து வயதிலேயே மாற்றினால்தான் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குள்ளிருந்தும் காலனியிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுப்பு பற்றவைத்த முதல் வாரம் இரண்டு பேர் "பசிக்கல" என்று ஒதுங்கினார்கள். நான் வற்புறுத்தவில்லை. தேங்காய் துருவும் வேலையை அவர்களுக்குக் கொடுத்தேன். தான் துருவிய தேங்காய் விழுந்த சுண்டலை யார் கிண்டினால் என்ன? நாலாவது வாரம் இருவரும் தட்டை நீட்டினார்கள். என் பணிக்காலத்தில் எனக்கு நிறைவு தந்த நாள் அது.

ஒரு எச்சரிக்கை. சத்துணவுக் கூடத்துக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் ஏற்பாடாக இது ஆகிவிடக் கூடாது. மன்றத்துக்குத் தனிப் பாத்திரம், தனி நேரம் வேண்டும், விருப்பப்பட்டவர்கள் மட்டுமே சேர வேண்டும். பொருள்களுக்கு எனக்கு மாதம் 400 ரூபாய்க்கு மேல் ஆனதில்லை.

ஜப்பானில் 5ஆம் வகுப்பிலிருந்தே மனையியல் ஆண், பெண் இருபாலருக்கும் கட்டாயப் பாடம். சோறு வடிக்கவும் மிசோ சூப் வைக்கவும் அங்கே பள்ளியிலேயே கற்றுத்தருகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. பசியோடு வரும் பிள்ளைக்குச் சூடான உப்புமாவும் பொங்கலும் கிடைக்கின்றன. அதே பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்த உப்புமாவைக் கிண்டக் கற்றுக்கொள்ளட்டும். வரும் கல்வியாண்டில் மதுரை மாவட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு நடுநிலைப் பள்ளியிலாவது இதைத் தொடங்க மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் முன்வர வேண்டும்.

பேரையூர் வட்டத்தில் எந்தப் பள்ளி தொடங்கினாலும் வெள்ளிக்கிழமை மதியம் நான் வந்து நிற்கிறேன். அந்த மூன்று சட்டிகளும் ஒரு தராசும் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்