அச்சமூட்டும் நாவல்களுக்கு ஓர் அடுக்கு: நூலகர்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கும் வாசகர் வட்ட நண்பர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டின் மாவட்ட மைய நூலகங்களிலும் கிளை நூலகங்களிலும் அச்சமூட்டும் நாவல்களுக்கும் விந்தையான கற்பனை நாவல்களுக்கும் தனியே ஓர் அடுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். நான் புழங்கிய நூலகங்களில் இத்தகைய நூல்கள் மாத நாவல்களோடு சேர்ந்து ஒரு மூலையில் கிடக்கும்; இல்லையென்றால், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்ற காரணத்தால் சிறுவர் பிரிவின் பக்கமே வராது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. பேய்க்கதையை விரும்பிக் கேட்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அந்த விதிக்குள் அடங்கும் வாசகர்தான்.

பேய் நம் இலக்கியத்துக்கு அந்நியச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றார். செயங்கொண்டாரின் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறிக் கூத்தாடுகின்றன. இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது மணிமேகலையில் வரும் சார்ங்கலன் என்ற சிறுவனின் கதை. தனியே சுடுகாட்டு வழியில் போன அவன், பிணத்தின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு நடுங்கி, தாயிடம் ஓடிவந்து சொல்லி உயிர்விடுகிறான். கண்பார்வையற்ற அந்தத் தாய் கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் திருப்பித் தரும்படி சம்பாபதித் தெய்வத்திடம் வழக்காடுகிறாள். அது இயலாது என்று தெரியும்வரை அவள் ஓய்வதில்லை. மரணத்தைப் பற்றிப் பேசுவதற்கு அச்சத்தை வாயிலாகக் கொள்வது மணிமேகலையை இயற்றிய சாத்தனாருக்கே கைவந்திருக்கிறது.

எந்த நூலை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. இதற்கு வயதுக் கணக்கைவிட எனக்குப் பயன்பட்ட அளவுகோல் ஒன்று உண்டு. இளையோருக்கான நாவலில் பயம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதிலிருந்து வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியைக் கதைமாந்தராகிய பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். வளர்ந்தோருக்கான நாவல் அப்படி எந்த உறுதியும் தர வேண்டியதில்லை.

ஜான் பெல்லேர்ஸ் 1973இல் எழுதிய 'சுவர்களுக்குள் கடிகாரம் உள்ள வீடு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெற்றோரை இழந்த பத்து வயது லூயிஸ், 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கும் தன் மாமா வீட்டுக்கு வருகிறான். மாமா ஒரு மந்திரவாதி. பக்கத்து வீட்டு அம்மையார் அவரைவிடத் தேர்ந்த மந்திரக்காரி. வீட்டுச் சுவருக்குள் எங்கோ ஒரு கடிகாரம் உலக முடிவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கதையின் உண்மையான விசை அதுவன்று. குண்டாகவும் விளையாட்டில் கெட்டிக்காரத்தனம் இல்லாமலும் இருக்கும் லூயிஸ், நழுவிப்போகும் ஒரு நண்பனைத் தக்கவைத்துக்கொள்ள, இடுகாட்டில் இறந்தவரை எழுப்பிக் காட்டுவதாகச் சொல்லி உண்மையிலேயே எழுப்பிவிடுகிறான். அதை மாமாவிடம் சொல்லவும் துணிவில்லாமல் மருகுகிறான். பேயைவிட இந்த மறைப்பே பிள்ளைகளை அதிகம் வதைக்கும், ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த வதை. எட்வர்ட் கோரியின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் உள்ள பதிப்பையே வாங்கும்படி சிறப்பாக வேண்டுகிறேன்.

பதின்ம வயதினருக்கு நான் முதலில் முன்வைப்பது பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). புற்றுநோயால் இறந்த எழுத்தாளர் ஷிவோன் டவ்ட் விட்டுச்சென்ற கருவிலிருந்து நெஸ் இதை எழுதினார். தாய் நோயில் கிடக்க, நள்ளிரவு கடந்து ஏழாவது நிமிடத்தில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரம் பூதமாக நடந்து வந்து, கானர் என்ற பதின்மூன்று வயதுப் பையனுக்கு மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவது கதையை அவன் சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்த நான்காவது கதையில் அவன் ஒப்புக்கொள்ளும் உண்மை பூதத்தைவிடப் பயங்கரமானது. அதை ஒப்புக்கொள்வதே அவனுக்கு வெளியேறும் வழியும் ஆகிறது. வீட்டில் நோயாளி இருக்கும் பிள்ளைக்கு இதைத் தருமுன் நூலகர் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

தமிழில் சிறுவர்களுக்கு, இமயப் பனிவெளியில் விந்தை உயிரினத்தைத் தேடிச் செல்லும் ஜெயமோகனின் 'பனிமனிதன்' எல்லாக் கிளைகளிலும் இருக்க வேண்டும். சற்று வளர்ந்தவர்களுக்கு, குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்': அமானுஷ்யமா அறிவியலா என்ற வழக்கைக் கணேஷும் வசந்தும் நடத்தும் விதத்தில் பயமும் தர்க்கமும் ஒன்றையொன்று கூர்மையாக்குகின்றன. இதே வயதில் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலையும் தரலாம். 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே மங்கிப்போக, ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைபட்ட பதினெட்டு வயதுப் பெண் எழுதத் தொடங்கிய நாவல் இது என்பதைச் சொல்லிக் கொடுத்தால், அந்த வயதினர் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். படங்களில் கண்ட ஊமைப் பூதத்தை எதிர்பார்த்துப் படிப்பவர்கள், ஆங்கிலக் கவிஞர் மில்டனை வாசித்து, தன்னைப் படைத்தவனிடம் நீதி கேட்டு வாதாடும் உயிரைக் கண்டு திகைப்பார்கள்.

வளர்ந்தோர் அடுக்கில் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) முதலில் நிற்கட்டும். நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்தே இளமையைக் கழித்த எலனர், அந்த வீட்டில் முதன்முறையாகத் தனக்கும் ஓர் இடம் இருப்பதாக உணர்கிறாள். வீடு அவளை விடாமல் பற்றிக்கொள்வதும் அந்த ஆசையினால்தான். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலில் அடிமை வாழ்வுக்குத் திரும்ப விடாமல் தாயே கொன்ற குழந்தை பேயாக வீடு திரும்புகிறது. 1856இல் அமெரிக்காவில் அடிமை வாழ்விலிருந்து தப்பியோடிய மார்கரெட் கார்னர் என்ற பெண்ணுக்கு நேர்ந்ததே அதன் வித்து. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா', 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் கொல்லப்பட்ட ஒரு புகைப்படக்காரரின் ஆவியைப் பின்தொடர்கிறது. மறுமையும் அரசு அலுவலகம்போல வரிசையும் படிவமுமாக இருக்கும் அந்த நாவலின் நகைச்சுவைக்கு அடியில், ஈழத் தமிழர் நன்கறிந்த காணாமற்போனோரின் கணக்கு இருக்கிறது. கொடூரக் காட்சிகள் மிகுந்த நாவல் என்பதால் இதை இளையோர் அடுக்கில் வைக்க வேண்டாம்.

தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கும் நூல்களுக்கு அதனையும், கிடைக்காதவற்றுக்கு ஆங்கிலப் பதிப்பையும் வாங்கலாம். வாசகர் வட்டங்கள் மாதக் கூட்டங்களில் ஒன்றை இந்நூல்களுக்கென ஒதுக்கி, அன்று பெற்றோரையும் அழைத்தால், தடை கேட்டு வரும் புகார்களில் பாதியை அங்கேயே பேசித் தீர்க்கலாம். இளையோர் அடுக்கைச் சிறுவர் பிரிவின் வாசலையொட்டி, நூல் இரவல் மேசையிலிருந்து பார்வைக்குத் தெரியும் இடத்தில் அமைக்கும்படியும், அதிலிருந்து எடுக்கும் பிள்ளையிடம் 'இதெல்லாம் உனக்கு எதற்கு' என்று கேட்க வேண்டாம் என்று பணியாளர்களுக்குச் சொல்லி வைக்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்