லவுட்டர்புருன்னனில் ஆறு இரவு

பெர்ன்,
பெப்ரவரி

அன்பு மகளுக்கு,

ஹெல்மெட்டும் பெரிய கண்ணாடியும் போட்டுக்கொண்டு பனிக்குள் இருந்து சிரிக்கிற ஆளின் படத்தை உன் தம்பி அனுப்பியதும், "இது ஆர்?" என்று கேட்டிருந்தாய். நான்தான். விழுந்த இடத்தில் இருந்தபடி எடுத்தது. எழும்பத் தெரியவில்லை, அதனால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொல்லலாம் என்றால் உனக்கு ரொறன்ரோவில் விடிகிற நேரம் எனக்கு மத்தியானம். நீயோ பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு "ம், ம், பிறகு?" என்பாய். அதுதான் எழுதுகிறேன். இதோடு சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதற்குப் போன் சரிவராது.

பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் பனி விடுமுறை. இந்த ஒரு கிழமைக்கு மலையில் ஹோட்டல் விலை கேட்டால் தலை சுற்றும் என்று, தம்பி ஒரு வோன்மொபில் வாடகைக்கு எடுத்தான். படுக்கை, குசினி, கக்கூஸ், குளிக்கிற தட்டு எல்லாம் ஒரு வானுக்குள். ஏழு மீற்றர் நீளம். அம்மா, நான், தம்பி, மருமகள், பெடியன், ஐந்து பேர். மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டினால் சாதாரண லைசென்ஸ் காணாது. வெறும் வண்டியே மூன்று டன்னுக்குக் கிட்ட வரும். அதனால் தம்பி ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்துத்தான் ஏற்றினான். அம்மாவின் பத்துக் கிலோ அரிசியை ஐந்தாகக் குறைத்தான். தேங்காய் துருவுகிற துருவலையை வேண்டாம் என்றே சொல்லிவிட்டான். தூன், இன்டர்லாக்கன் ஊர்கள் எல்லாம் தாண்டி லவுட்டர்புருன்னனில் இறங்கிப் பார்த்தால், துருவலை அம்மாவின் கம்பளிப் போர்வைக்குள் சுற்றிக் கிடக்கிறது.

அந்த ஊரை நீ சின்னனில் கோடையில் பார்த்திருக்கிறாய். இரண்டு பக்கமும் மதில் மாதிரிக் கல்மலை, நடுவில் ஒரு ஒழுங்கை அகலத்துக்குப் பள்ளத்தாக்கு. ஷ்டவுப்பாக் அருவி 297 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிறது. குளிர்காலத்தில் அதன் ஓரமெல்லாம் உறைந்து, மெழுகுதிரி உருகி வழிந்த மாதிரித் தொங்குகிறது. வெயில் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடும். பள்ளத்தாக்கின் அடியிலேயே வண்டிகளுக்கான இடம், மின்சாரத்தோடு. காலையில் பனியில் சறுக்குகிற ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தால், 1893இல் இருந்து ஓடுகிற பல்சக்கர ரயில் கால்மணி நேரத்துக்குள் வெங்கனுக்கு ஏற்றிவிடும். அங்கே காரே கிடையாது.

வண்டிக்குள் வாழ்வது ஒரு தனிக் கலை. முதல் இரவே அம்மா நீத்துப்பெட்டியை அடுப்பில் ஏற்றிப் பிட்டு அவித்தார். நல்ல மணம். பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்க்கிறேன், ஜன்னல் எல்லாம் உள்பக்கமாக வெள்ளைப் பூ. பிட்டு ஆவியும் ஐந்து பேருடைய மூச்சும் போக வழியில்லாமல் கண்ணாடியில் படிந்து உறைந்திருக்கிறது. பெடியன் நகத்தால் சுரண்டித் தன் பெயரை எழுதினான். பக்கத்து வண்டியில் ஒரு ஒல்லாந்துக் கிழவர், இருபது வருடமாக வருகிறவராம், வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: என்ன குளிரென்றாலும் சமைக்கும்போது கூரைக் கதவைக் கொஞ்சம் திறந்து வை, முன்கண்ணாடிக்குக் கம்பளத்தை உள்ளே போடாதே, வெளியே போடு, கூரையில் பனி ஏறினால் முதலில் ஹீட்டரின் புகைக்குழாயையும் காற்றுத் துளைகளையும் துடை, மற்றதெல்லாம் பிறகு. துளை அடைபட்டால் மணமே இல்லாத நச்சு வாயு உள்ளே நின்றுவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

கழுவின தண்ணீர் சேருகிற தொட்டியைப் பூட்டி வைத்தால் உறைந்து வெடிக்கும். ஆகவே குழாயைத் திறந்துவிட்டு அடியில் ஒரு வாளி வைக்க வேண்டும். காலையில் அந்த வாளியைக் கவிழ்த்தால் வாளியின் உருவத்திலேயே ஒரு பனிக்கட்டி வந்து விழும். மூன்றாம் நாள் கட்டிக்குள் ஒரு கறிவேப்பிலையும் நாலைந்து கடுகும் அப்படியே நின்றன. பெடியன் அதை உடைக்க விடவில்லை. நாங்கள் புறப்படுகிற வரைக்கும் அது வாசலில் இருந்தது.

ஹான்ட்பிரேக் போடக்கூடாது, ஈரத்தில் ஒட்டிப்பிடித்து உறைந்துவிடும். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்தோம். அப்புறம் காஸ் கதை. அதில் பிழை என்னுடையது, நீ சிரிக்கலாம். வண்டியோடு வந்தது ஒரு 10.5 கிலோ புரொப்பேன் சிலிண்டர். குளிர் இறங்கினால் ஹீட்டர் அதை மூன்று நாளில் குடித்துவிடும், இன்னொன்று வாங்குவோம் என்றான் தம்பி. ஏன் காசு, என் கூட்டாளியிடம் சும்மா ஒன்று இருக்கிறது என்று நான் கொண்டுவந்தேன். கோடையில் ஆற்றங்கரையில் இறைச்சி சுட அவர் வைத்திருந்தது, பொருத்துகிற துண்டையும் அவரே தந்தார். மூன்றாம் இரவு முதல் சிலிண்டர் முடிந்தது. இரண்டாவதை மாற்றினோம். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு நின்றது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே நிறைய இருக்கிறது, வெளியேதான் வருகுதில்லை. டார்ச் அடித்து வாசித்த பிறகுதான் விளங்கியது, அது பியூட்டேன். பூச்சியம் பாகைக்குக் கீழே போனால் அது ஆவியாகாமல் தண்ணீர் மாதிரியே கிடக்கும். புரொப்பேன் என்றால் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். வெளியே அப்போது மைனஸ் 12.

தம்பி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

உள்ளே மூன்று பாகைக்கு இறங்கியதும் வண்டிக்குக் கீழே சளசளவென்று சத்தம். சுடுதண்ணீர்த் தொட்டி உறைந்து வெடித்துவிடாமல் இருக்க ஒரு வால்வு தானாகவே திறந்து எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிடுமாம். நல்ல யோசனைதான், ஆனால் காலையில் முகம் கழுவத் தண்ணீர் இல்லை. ஐந்து பேரும் ஒரே படுக்கையில், இருக்கிற உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு, அம்மாவின் போர்வைக்குள். வண்டிகள் நிற்கிற இடத்தின் அலுவலகம் எட்டு மணிக்குத் திறந்ததும் நானே போய்ப் புரொப்பேன் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் காசைத் தம்பியிடம் கேட்கவில்லை.

நாலாம் இரவு நல்ல பனி கொட்டியது. விடிகிற நேரம், இன்னும் இருட்டு. திடீரென்று ஒரு வெடி. கல்மதில் இரண்டிலும் பட்டு அது திரும்பித் திரும்பிக் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும், இன்னொன்று.

நான் கண் திறக்க முந்தியே என் கை சப்பாத்தைத் தேடியிருக்கிறது. கையில் சப்பாத்தோடு எழும்பி இருந்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் பேரனை இழுத்துத் தன் பக்கம், சுவர்ப் பக்கம், படுக்க வைத்தார். அவன் முழிக்கவேயில்லை. மருமகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் இங்கே பிறந்தவள். "மாமா, அது பனிச்சரிவுக்கு வெடி வைக்கினம்" என்றாள், மெல்ல.

அது உண்மைதான். இரவு கொட்டின புதுப்பனி சரிவில் பலகை மாதிரிக் கட்டிப்பிடித்து நிற்கும். ஆள் போய் அதை மிதித்தால் முழுப் பலகையும் கழன்று வரும். அதனால் லிப்ட் ஓடத் தொடங்க முந்தி, கீழே ஒருவரும் இல்லாத நேரம், வெடி வைத்து அதைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள். டாவோஸில் இருக்கிற பனி ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு அபாய அறிவிப்பு போடுகிறது, 1 முதல் 5 வரை. அன்றைக்கு 3. தம்பி முதல் நாளே போனில் பார்த்திருக்கிறான், எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டான். வெளியே போய் நின்றேன். ஒல்லாந்துக் கிழவர் தன் படியில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு கையைக் காட்டினார். உயிரைக் காப்பாற்ற வெடி வைக்கிறதை நான் 66 வயதில்தான் கேட்கிறேன்.

அன்றைக்குத்தான் நானும் ஸ்கீ போடுகிறேன் என்று சொன்னேன். வெங்கனில் ஊருக்கு நடுவிலேயே சின்னப் பிள்ளைகள் பழகுகிற சரிவு ஒன்று இருக்கிறது. பாரம் குறைந்த ஸ்கீ தந்தார்கள், ஆனால் சப்பாத்து? இரண்டு காலிலும் சீமெந்துக் கல் கட்டினது போல. படியில்லாத எஸ்கலேட்டர் மாதிரி ஒரு பட்டை ஓடுகிறது, அதில் ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். எனக்கு முன்னும் பின்னும் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஆசான் நம்முடைய பெடியன்தான். "அப்பப்பா, பீட்சா! பீட்சா!" என்று கத்துகிறான். ஸ்கீயின் முன்நுனி இரண்டையும் சேர்த்து, பின்பக்கத்தை விரித்துப் பீட்சாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். நேராக வைத்தால் அது பொம்மெஸ், உருளைக்கிழங்குப் பொரியல். நான் பொம்மெஸ்ஸிலேயே போனேன். வேலியில் முடிந்தது.

ஆறு தரம் விழுந்தேன். ஏழாம் தரம் வேலிக்குப் போக முந்தி நின்றேன். பீட்சாவில்.

ஸ்கீயில் ஒரு விதி இருக்கிறது. முன்னுக்குப் போகிறவருக்குத்தான் முதல் உரிமை, பின்னுக்கு வருகிறவர்தான் பார்த்து விலக வேண்டும். இது யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதியில் இருந்திருந்தால் என் சைக்கிள் இன்னும் முழுசாக இருந்திருக்கும். சரி, அதை விடு.

சரிவின் அடியில் மூச்சு வாங்க இருந்தபோது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்தது. பன்னிரண்டு வயது இருக்கும். எல்லோருக்கும் ஒரே நிற மேற்சட்டை. கூட்டத்துக்குள் எங்களுடைய முகத்தோடு ஒரு பெட்டை, முடியை இரண்டாகப் பின்னி ஹெல்மெட்டுக்குக் கீழே விட்டிருந்தாள். அவள் கூடப் படிக்கிற இன்னொருத்தி விழுந்துவிட, இவள் சிரித்துச் சிரித்து அவளைத் தூக்கினாள்.

மகள், 2003இல் நீ ஆறாம் வகுப்பு. ஸ்கீலாகருக்கு, பள்ளிக்கூடத்தோடு போகிற ஸ்கீ முகாமுக்கு, கடிதம் கொண்டுவந்தாய், நாலு இரவு. காசு இல்லை என்று சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிழமை போகாத மூன்று பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் இருந்து படம் கீறினாய். பிறகு சூரிச்சில் ஒரு கலியாண வீட்டில், "சுவிஸில் பிறந்து ஸ்கீ தெரியாத ஒரே ஆள் நான்தான், அப்பாவிடம் அப்போ காசு இல்லை" என்று எல்லோருக்கும் பகிடியாகச் சொன்னாய். நானும் சிரித்தேன்.

காசு பிரச்சினை இல்லை. உன் ரீச்சர் நான் வேலை செய்கிற இடத்துக்கு வந்து என்னைக் கண்டவ. ஊராட்சி காசு கட்டும், உடுப்பும் சப்பாத்தும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, கையொப்பம் மட்டும் போடுங்கள் என்றா. நான் அந்தக் கிழமை உனக்குச் சுகமில்லாமல் வரும் என்றேன். வரும் என்று முன்கூட்டியே சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் டொச், ஜெர்மன் மொழி, தெரியும் என்று அவ நினைத்திருப்பா.

பயம். 1986இல் கிரின்டல்வால்டில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன், உனக்குத் தெரியும். குசினிக் கதவால் எனக்குத் தெரிந்த ஸ்கீ எல்லாம், காலில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு வருகிற ஆட்கள்தான். உன் காலும் அப்படி ஆகிவிடும் என்று பயந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பினார். அதுவும் பாதிதான். 1984இல் ஊரில் எங்கள் ஒழுங்கையில் பெடியன்களை ஆமிக்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பூசா தடுப்பு முகாமுக்கு என்றார்கள். என்னோடு பந்து விளையாடினவன் ஒருவன் அதில் ஏறினவன். இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்றுதான் அவனுடைய தாய்க்கும் சொன்னார்கள். நீ கொண்டுவந்த கடிதத்தில், திங்கள் காலை ஏழரைக்கு பஸ் புறப்படும், வெள்ளி பின்னேரம் திரும்பும் என்று இருந்தது. சுவிஸில் பஸ் என்றால் சொன்ன நிமிடத்துக்கு வரும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் கையால் கையொப்பம் வைத்து உன்னை ஏற்றிவிட முடியவில்லை.

இதை உனக்கு முந்தியே சொல்லியிருக்கலாம். நான் ஏழைத் தகப்பன் என்று நீ நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அம்மா இதை வாசித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அனுப்புங்கோ" என்றார்.

தம்பி அடுத்த பெப்ரவரிக்கும் வண்டி பதிகிறான், இந்தத் தரம் இரண்டு வண்டி. நீங்கள் நாலு பேரும் வந்தால் ஒன்றில் நீங்கள், ஒன்றில் நாங்கள். காஸ் என் பொறுப்பு இல்லை என்று முடிவாகிவிட்டது. ஸ்கீச் சப்பாத்துக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்கிற இலக்கம் காணாது, பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில் வேண்டும். குதிக்காலைச் சுவரில் முட்டி நின்று, பெருவிரல் நுனி வரைக்கும் அளக்க வேண்டும். பிள்ளைகளுடையதை இப்போது அளக்காதே, அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். உன்னுடையதை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா