கடற்கரைக் கிளைகளின் வங்கி மேலாளர்களுக்கு: விசாவுக்கு நீங்கள் தரும் அந்த ஒரு தாள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலோரக் கிளைகளில் பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கு வணக்கம்.

மாணவர் விசாவுக்கென்று கேட்டால் நம் கிளைகளில் கிடைக்கும் கடிதம் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: "இவர் எங்கள் வாடிக்கையாளர், கணக்கு திருப்திகரமாக உள்ளது, இன்றைய இருப்பு இவ்வளவு." உள்ளூர்க் காரியத்துக்கு இது போதும். பிரிட்டன் விசா அதிகாரிக்கு இது வெற்றுத்தாள். இன்று எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. 28 நாள் தொடர்ந்து இருந்ததா என்று கேட்கிறார்.

லண்டனுக்கு வெளியே படிக்கப் போகிறவர் செலவுக்காக மாதம் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்ட் காட்ட வேண்டும். லண்டன் என்றால் மாதம் 1,529, மொத்தம் 13,761. 2025 நவம்பரில் உயர்ந்த தொகை இது. முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாத பாக்கியும் இதோடு சேரும். பணம் ஜூலை 1 அன்று விழுந்தால் இருபத்தெட்டாம் நாள் ஜூலை 28. அன்று காலையிலேயே ஸ்டேட்மெண்ட் அடித்துக் கொடுத்துவிடாதீர்கள். 29 அன்று, 28 முடிய உள்ள கணக்காகக் கொடுங்கள். அதிலிருந்து 31 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 28-க்குள், விண்ணப்பம் போயாக வேண்டும். ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளின் விகிதத்தில். நம் ஊரில் பவுன் விலை ஏறுவது போலப் பவுண்டும் ஏறும். ஆகவே ஐம்பதாயிரமாவது கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.

அந்த 28 நாளில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் நிராகரிப்புதான். குறைப்பது பெரும்பாலும் பெரிய செலவு அல்ல. மே கடைசி வாரத்தில் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 436 ரூபாயும் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் தானாகப் பிடித்தமாகும். ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் போகும். சரியாக எல்லைத் தொகையை வைத்திருந்தவருக்கு அந்த 436 ரூபாயோடு எண்ணிக்கை முறிந்து, மறுபடி முதல் நாளிலிருந்து. விசாப் பணத்துக்கென்று பிடித்தம் எதுவும் இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுப்பது பத்து நிமிட வேலை.

நம் கடற்கரைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறவர்கள் பணத்தை அசையாமல் வைக்க வேண்டிய காலம், தடைக்காலம் முடிந்த கையோடு வருகிறது. படகை மராமத்து பார்த்த கடன் நிற்கும். கடலுக்குப் போக டீசலும் ஐஸும் வேண்டும். "ரெண்டு நாள்ல போட்டுறலாம்" என்று அப்பா ஒரு லட்சம் எடுத்துவிடுவார். பணம் எடுக்கும் சீட்டு கவுண்டருக்கு வரும்போது, "இது பிள்ளை விசாவுக்கு வச்ச பணம்ணே, இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

யார் கணக்கு என்பது அடுத்தது. மாணவர், தாய், தந்தை, சட்டபூர்வக் காப்பாளர் ஆகியோர் கணக்கு செல்லும். மாமா, அண்ணன், சித்தப்பா, பாட்டி கணக்கு செல்லாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் பணம் மாமா கணக்கில் இருப்பது சாதாரணம். அதை 28 நாளுக்கு முன்பே பெற்றோர் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். தந்தையின் என்ஆர்இ கணக்கும் (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) செல்லும். பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் சேர்ந்து போக வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டு வைத்த பணத்தை நம்ப வேண்டாம். அது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் வருவதில்லை. வைப்புத்தொகை என்றால், முதிர்வுக்கு முன்பே முறித்து எடுக்கலாம் என்று கடிதத்தில் ஒரு வரி வேண்டும்.

பெயர். மைதீன், மொகிதீன், முஹையத்தீன் என்று ஒரே மனிதர் மூன்று தாளில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராகப் பின்னால். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரட்டும். அதற்குக் கேஒய்சி-யை, அதாவது வங்கியில் உள்ள அடையாள விவரத்தை, முன்கூட்டியே திருத்த வேண்டும். கடிதம் கேட்டு வருகிற அன்று திருத்த முடியாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவிழ்ப்பது கல்விக் கடன் கடிதம். கடன் முறையாகக் கிடைத்தால் 28 நாள் கணக்கே தேவையில்லை. ஆனால் விதி கேட்பவை சில உண்டு: மாணவர் பெயர், தொகை, தேதி, வங்கியின் பெயரும் சின்னமும், இது கல்விக் கடன் என்ற சொல், பிரிட்டனுக்குப் புறப்படும் முன் பணம் கிடைக்கும் என்ற உறுதி. தேதி விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். முக்கியமாக, விசா கிடைப்பதைத் தவிர வேறெந்த நிபந்தனையும் இருக்கக் கூடாது. நீங்கள் தரும் சாங்ஷன் லெட்டரிலோ (கடன் ஒப்புதல் கடிதம்) "அடமானம் பதிவானபின்", "15 சதவீத மார்ஜின் (குடும்பம் கையிலிருந்து போடும் பங்கு) கட்டியபின்", "வில்லங்கம் பார்த்தபின்" என்று அடுக்கியிருக்கும். வங்கிக்கு அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. அடமானத்தையும் மார்ஜினையும் முதலில் முடித்துவிட்டு, விசா மட்டுமே பாக்கி என்று இரண்டாவது கடிதம் ஒன்று கொடுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பீர்கள். இங்கே பாதி மனை கூட்டுப் பட்டா. அதைப் பிரிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், ஜனவரியிலேயே தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவார்கள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு உங்கள் கடிதம் அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ போட வேண்டும். அனுப்பும்போது இடைவங்கிக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும்படி படிவத்தில் குறியுங்கள். பதினைந்து யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தாலும் கணக்கு உறுதிச் சான்று வராது.

28 நாளுக்கு வட்டிக்குப் பணம் போட்டு "பேலன்ஸ் காட்டித் தரும்" ஏஜென்ட்டுகளை நீங்களும் அறிவீர்கள். இரண்டு ஆண்டாக நாலாயிரம் தாண்டாத கணக்கில் திடீரென்று பதினாறு லட்சம் விழுந்தால், எங்கிருந்து என்று கேளுங்கள். நகைக்கடன் என்றால் அந்த ரசீதை இணைக்கச் சொல்லுங்கள். போலி ஆவணம் என்று முடிவானால் பிரிட்டன் பத்தாண்டு தடை போடும். தடை விழுவது மாணவர் மேல், ஏஜென்ட் மேல் அல்ல.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் கீழே உங்கள் பெயர், பதவி, கிளையின் தொலைபேசி, மின்னஞ்சல் நான்கும் தெளிவாக இருக்கட்டும். விசா அலுவலகம் அந்த முகவரிக்கு எழுதிச் சரிபார்க்கலாம். வங்கியிடம் உறுதி செய்ய முடியாத கடிதத்தை அது ஏற்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையாவது கிளையின் அஞ்சல் பெட்டியைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மாணவர்களின் விசாத் தாள்களைச் சரிபார்த்துத் தருபவர்கள்